கட்சி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். பதினேழு வருடங்களாக அமெரிக்காவில் இருக்கிறேன். பத்து வருடம் கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, சென்ற ஆண்டுதான் குடியுரிமை பெற்றேன். என் மகளின் பள்ளியில், துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் எப்படிச் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்வது என்று எட்டு வயதுக் குழந்தைகளுக்குப் பழக்குகிறார்கள். அதைக் கேட்கும்போது, துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி சொல்வதே சரி என்று படுகிறது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குடியரசுக் கட்சிக்காரர்களோடு சேர்ந்து நானும் மகிழ்ந்தேன். கோயில் நண்பர்கள் ஒரு பக்கம் இழுக்கிறார்கள், அலுவலக நண்பர்கள் மறுபக்கம் இழுக்கிறார்கள். இரண்டு பக்கமும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். வாக்காளர் பதிவுப் படிவத்தில் கட்சி என்ற இடத்தில் 'எதுவும் இல்லை' என்று குறித்தேன். அதுதான் நேர்மை என்று நினைத்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. நான் ஓர் அரசியல் அநாதையா? வாக்களிக்காமலே இருந்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செஸ்டர் கவுன்ட்டி, பென்சில்வேனியா

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் தம்பி. அந்தக் கட்டத்தில் நீங்கள் போட்ட குறியை 2007இல் நானும் போட்டேன்.

என் தந்தை சங்கரன்கோவில் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர். வாழ்நாள் முழுவதும் கட்சிக் கரை போட்ட வேட்டி கட்டியதில்லை. கறுப்பு சிவப்பு என்றால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி. துணிக்கடையில் வேட்டியை முழுவதும் பிரித்துக் கரையைப் பார்த்து, மெல்லிய ஜரிகைக் கோடு போட்டதாகக் கேட்டு வாங்குவார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் எந்தக் கரையைக் கட்டுவது என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். குடியுரிமை உறுதிமொழி எடுத்த நாளில் வாக்காளர் படிவத்தைக் கையில் கொடுத்ததும், கட்சி என்ற இடத்தில் தந்தையின் வேட்டிதான் நினைவுக்கு வந்தது. 'எதுவும் இல்லை' என்று குறித்தேன். பெருமையாக இருந்தது.

அடுத்த வருடம் ஏப்ரல் 22ஆம் தேதி பென்சில்வேனியாவில் பிரைமரி, அதாவது நவம்பர் பொதுத்தேர்தலில் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தல். ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளின்டனுக்கும் பராக் ஒபாமாவுக்கும் இடையே நாடே உற்றுப் பார்த்த போட்டி. நான் வாக்களிக்கப்போகும் முதல் அமெரிக்கத் தேர்தல். அரை நாள் விடுப்பு எடுத்து, காஞ்சிப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு போனேன். மேசையில் இருந்த அம்மையார் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்தார். நீங்கள் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யவில்லை, இன்று உங்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை என்றார். அன்பாகத்தான் சொன்னார். காருக்குத் திரும்பி வந்து கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கட்சியில் சேர்வது என்றால் உறுப்பினர் அட்டை வாங்க வேண்டும், சந்தா கட்ட வேண்டும், கிளைச் செயலாளருக்கு நம் முகம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு விசுவாசம். பென்சில்வேனியாவில் கட்சிப் பதிவு என்பது கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் போல) தேர்தல் அலுவலகத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கட்டம், அவ்வளவுதான். கட்சிக்கு ஒரு காசு தர வேண்டியதில்லை, கொள்கையை ஏற்பதாக உறுதிமொழி இல்லை. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்பு வரை மாற்றிக்கொள்ளலாம். நான் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்தில் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றின் பெயர் இல்லையென்றால், யார் வேட்பாளர் என்று முடிவாகும் நாளில் நீங்கள் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இந்த மாநிலத்தில் அப்படி நிற்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

உங்கள் மனக்கஷ்டத்துக்கு உங்கள் குணத்தில் காரணம் தேடாதீர்கள். ஒரு தொகுதி, ஓர் இடம், அதிக வாக்கு பெற்றவருக்கே முழு வெற்றி என்ற முறை எங்கே இருக்கிறதோ, அங்கே காலப்போக்கில் போட்டி இரண்டு பெரிய அணிகளுக்குள் சுருங்கிவிடும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1950களிலேயே எழுதினார். தமிழ்நாட்டிலும் அதே முறைதான். 1967க்குப் பிறகு இரண்டு திராவிடக் கட்சிகளே மாறி மாறி ஆண்டதை நீங்களும் நானும் பார்த்து வளர்ந்தோம். ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு: கூட்டணி. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணியில் காங்கிரஸ் 18 இடங்களும் விடுதலைச் சிறுத்தைகள் 4 இடங்களும் பெற்றன, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் ஆளுக்கு 2 பெற்றன. பெரிய கட்சியைப் பிடிக்காதவர்கூட அந்த அணியில் தன் கட்சியின் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். தேர்தலுக்கு முன் ராத்திரி பகலாக நடக்கும் தொகுதிப் பங்கீட்டில், யாருக்கு எவ்வளவு பலம் என்று எடை போட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் அந்தக் கூட்டணி கட்சிக்கு உள்ளேயே இருக்கிறது. குடியரசுக் கட்சி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதற்குள் வரிக் குறைப்புக்காரர்கள், தேவாலயக்காரர்கள், துப்பாக்கி உரிமைக்காரர்கள், எல்லையை அடைக்கச் சொல்பவர்கள் என்று நான்கைந்து கட்சிகள் குடியிருக்கின்றன. ஜனநாயகக் கட்சியிலும் தொழிற்சங்கக்காரர், சுற்றுச்சூழல்காரர், நகரத்து மிதவாதி, இடதுசாரி என்று அத்தனை பேர். நம் ஊரில் பங்கீட்டு மேசையில் நடப்பது இங்கே பிரைமரியில் நடக்கிறது. எந்தப் பிரிவின் ஆள் அதிக வாக்கு பெறுகிறாரோ அந்தப் பிரிவின் சொல் எடுபடுகிறது. உங்களைப் போல் துப்பாக்கியில் ஒரு கருத்தும் கல்லூரிச் சேர்க்கையில் வேறு கருத்தும் கொண்டவர்கள் இரண்டு கட்சியிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் 'எதுவும் இல்லை' என்று குறித்துவிட்டு வெளியே நிற்பதால், எடை போடும் நாளில் அவர்களுக்குத் தட்டில் எடையே இல்லை.

கிரீன் கார்டு வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலி உங்களுக்குத் தெரியும். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்புதான் நம் பிள்ளைகளின் இளமையைத் தின்றது. அந்த வரம்பை வேலைவாய்ப்புப் பிரிவில் நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. இரண்டு கட்சிக்காரர்களும் கைகோத்து வாக்களித்தார்கள். 2020 டிசம்பரில் செனட் தன் வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டு வடிவங்களையும் இணைப்பதற்குள் காலம் முடிந்து, மசோதா செத்துவிட்டது. நம் வீட்டுப் பிரச்சினையை எந்தக் கட்சியும் முழுதாக ஏந்தவில்லை, முழுதாக எதிர்க்கவும் இல்லை. இதற்காக ஒரு கட்சியைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களையும் இன்னொரு கட்சியைத் தூற்றுபவர்களையும் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2012 முதல் நான் எங்கள் வாக்குச்சாவடியில் எழுத்தராக உட்காருகிறேன். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும், இரவு எட்டு மணிக்கு மூடும். அந்த மேசையே இரண்டு கட்சிக்காகச் செய்யப்பட்டது. சாவடி ஆய்வாளர் பதவிக்கான தேர்தலில் அதிக வாக்கு பெற்றவர் பெரும்பான்மை ஆய்வாளர், இரண்டாவதாக வந்தவர் சிறுபான்மை ஆய்வாளர், இருவருக்கும் மேலே 'நீதிபதி' என்று அழைக்கப்படும் சாவடித் தலைமை அலுவலர். ஒருவரை ஒருவர் கண்காணிக்க ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்சி இல்லாதவனை மனதில் வைத்துப் போட்ட மேசை அல்ல அது.

2021 மே மாதம் நடந்ததை நான் மறக்கவில்லை. முகக்கவசம், நடுவில் கண்ணாடித் தடுப்பு, ஒவ்வொருவருக்கும் தனிப் பேனா. மாலை ஆறு மணி வாக்கில் நம் ஊர்க்காரர் ஒருவர் ஏழெட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்கூல் போர்டுக்கு, அதாவது ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் குழுவுக்கு, நிற்பவர்களைப் பற்றி வீட்டில் படித்துக் குறித்துவைத்த துண்டுக் காகிதம் சட்டைப் பையில் இருந்தது. பள்ளி பாதி நாள் மூடிக் கிடந்த வருடம், அவருக்கு அதில் சொல்ல நிறைய இருந்திருக்கும். பட்டியலைப் பார்த்தேன். எந்தக் கட்சியிலும் பதிவில்லை. அந்த முறை மாநில அளவில் நான்கு கேள்விகள் வாக்கெடுப்புக்கு இருந்தன: ஆளுநரின் அவசரகால அதிகாரம் பற்றி இரண்டு, இனத்தால் பாகுபாடு கூடாது என்பது பற்றி ஒன்று, தீயணைப்பு மற்றும் ஆம்புலன்ஸ் நிலையங்களுக்குக் கடன் தருவது பற்றி ஒன்று. கட்சி இல்லாதவர்களுக்கு அந்தக் கேள்விகள் மட்டும் அச்சிட்ட சீட்டு. அதைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது. அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அந்தக் குழந்தை எட்டிப் பார்த்து, "பெயரெல்லாம் எங்கே அப்பா?" என்று கேட்டது. அவர் பதில் சொல்லாமல் துண்டுக் காகிதத்தை எடுத்து நான்காக மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். சாவடியில் பணியாற்றுபவள் விதியை மட்டும்தான் சொல்லலாம். சொன்னேன். மற்றதை எல்லாம் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

ஸ்கூல் போர்டில் ஒன்பது பேர். நான்கு வருடப் பதவி, சம்பளம் இல்லை. ஆனால் உங்கள் சொத்து வரியில் பெரும்பங்கை நிர்ணயிப்பவர்கள் அவர்கள். உங்கள் மகள் என்ன படிக்கிறாள், பள்ளி வாசலில் யார் காவல் நிற்கிறார் என்று முடிவு செய்பவர்களும் அவர்களே. இந்த மாநிலத்தில் ஸ்கூல் போர்டு வேட்பாளர் இரண்டு கட்சிப் பிரைமரியிலும் நிற்கலாம். இரண்டிலும் வென்றுவிட்டால் நவம்பரில் பல இடங்களில் எதிரில் ஆளே இருக்காது. நவம்பரில் பொறுமையாகக் காத்திருந்து வரும் கட்சி சாராத வாக்காளர், மே மாதமே முடிந்துபோன தேர்தலுக்கு வருகிறார்.

ஆகவே என் ஆலோசனை இது. வாக்களிக்காமல் இருக்காதீர்கள். அந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். உங்கள் டவுன்ஷிப்பில் (நம் ஊர் ஊராட்சி போல), உங்கள் தொகுதியில் எந்தக் கட்சியின் பிரைமரியில் உண்மையான போட்டி நடக்கிறது என்று பாருங்கள். அங்கே பதிவு செய்யுங்கள். நம் கவுன்ட்டியே மாறிக்கொண்டிருக்கும் இடம். 2012 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ராம்னி இங்கே மயிரிழையில் வென்றார், 2016இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி வென்றார், 2019இல் கவுன்ட்டி ஆட்சி வரலாற்றில் முதல்முறையாக ஜனநாயகக் கட்சியிடம் போனது. பத்து வருடத்துக்கு முன் எது சரியான வாசலோ அது இன்றைக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பீர்கள். நானும் பல நாள் யோசித்தேன். எதிர்க்கட்சியின் பிரைமரிக்குள் புகுந்து, தோற்கக்கூடிய ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது ஏமாற்று, அதை நான் ஒருநாளும் செய்ததில்லை, நீங்களும் செய்யாதீர்கள். இவர் வென்று வந்தால் என் பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பும் ஆளுக்கு மட்டும் வாக்களியுங்கள். அது எந்தக் கட்சியின் சீட்டாக இருந்தாலும் அதில் பொய் இல்லை. என் தந்தை இருந்திருந்தால் இதை ஒப்புக்கொண்டிருப்பாரா என்று தெரியாது. ஆனால் அவரும் ஒரு தேர்தலைக்கூடத் தவறவிட்டதில்லை.

கடைசியாக அந்தச் சொல். உங்களை அநாதை என்று எழுதாதீர்கள். அநாதைக்கு யாரும் இல்லை. உங்களுக்கோ இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள், அதுதான் உங்கள் கஷ்டமே. நம் ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். பிறந்த வீட்டில், இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்பார்கள். புகுந்த வீட்டில், வந்தவள் என்பார்கள். இரண்டு வீட்டிலும் அடுப்படி எங்கள் கையில்தான் இருந்தது.

கேள்வி: இரண்டு கட்சியும் பிடிக்கவில்லை என்றால் மூன்றாவது கட்சிக்குப் போடலாமே? அது வீண் வாக்கு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?
– வாசகி, பிட்ஸ்பர்க்

பதில்: மூன்றாவது வேட்பாளர் என்ற வகையில் அண்மைக் காலத்தில் பெரிய அலையைக் கிளப்பியவர் ராஸ் பெரோ. 1992இல் நாட்டின் வாக்குகளில் கிட்டத்தட்ட 19 சதவீதம் அவருக்கு. ஒரு மாநிலத்திலும் முதலிடம் வராததால், அதிபரை முடிவு செய்யும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஐந்தில் ஒருவர் என்ற கணக்குக்கு நெருங்கி வந்தும் கடைசியில் பூஜ்யம்.

என் கதையையும் சொல்கிறேன். 2016 நவம்பரில், அதிபர் பெயர்களுக்கு எதிரே இருந்த எந்த வட்டத்தையும் நான் நிரப்பவில்லை. கீழே இருந்த எல்லாப் பதவிக்கும் நிரப்பினேன், மேலே வெறுமை. மனசாட்சிப்படி செய்ததாக நினைத்தேன். பென்சில்வேனியாவில் டிரம்ப் வென்ற வித்தியாசம் சுமார் 44 ஆயிரம். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் இங்கே பெற்றதோ கிட்டத்தட்ட 50 ஆயிரம். அவருக்குப் போட்டவர்கள் எல்லாரும் ஹிலாரிக்குப் போட்டிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, பாதிப்பேர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். நான் சொல்வது என்னைப் பற்றி. அந்த இரவு எண்களைப் பார்த்தபோது, இந்த முடிவில் எனக்கு ஒரு கருத்து இருந்தது, அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று நெஞ்சு கனத்தது. அதன்பின் எந்த வட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை.

மூன்றாம் கட்சிக்கு வாக்களிப்பவரை நான் குறை சொல்லமாட்டேன். போட்டி நெருக்கமில்லாத மாநிலத்தில் அது ஒரு குரல். பென்சில்வேனியாவில் அதன் விலை அதிகம். இந்த இக்கட்டே இல்லாத வழி ஒன்று உண்டு: வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தும் முறை. உங்கள் முதல் விருப்பம் தோற்றால் வாக்கு இரண்டாவது ஆளுக்குப் போகும். மெய்ன் மாநிலத்திலும் அலாஸ்காவிலும் நடைமுறையில் இருக்கிறது. 2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகன் வாக்காளர்கள் இதை வேண்டாம் என்றார்கள். அலாஸ்காவில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. நம் மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு இதைக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். நீங்களும் ஒன்று எழுதுங்கள்.

கேள்வி: கணவர் ஒரு கட்சி, பத்தொன்பது வயது மகன் இன்னொரு கட்சி. சாப்பாட்டு மேசையில் பேச்சே நின்றுவிட்டது. நடுவில் நான்.
– வாசகி, ஆலன்டவுன்

பதில்: இருவரையும் தபால் வாக்குச்சீட்டு கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இந்த மாநிலத்தில் காரணம் சொல்லாமலே கிடைக்கும். சீட்டு வந்ததும் ஒரே நாளில், ஒரே மேசையில் உட்கார வையுங்கள். யார் யாருக்குப் போடுகிறார் என்று ஒருவரும் பார்க்க வேண்டாம். நிரப்பிய சீட்டை முதலில் உள் உறையில் போட வேண்டும், அதை வெளி உறையில் வைத்து, கையெழுத்தும் தேதியும் எழுத வேண்டும். உள் உறையை மறந்தால் வாக்கே எண்ணப்படாது. மகனின் உறையைத் தந்தையும், தந்தையின் உறையை மகனும் ஒருமுறை சரிபார்க்கட்டும். எதிர்த்து விழப்போகும் வாக்கு என்று தெரிந்தே, அது செல்லாமல் போய்விடக்கூடாது என்று பார்த்துக்கொடுப்பது பெரிய மரியாதை. என் தெருவில் ஒரு வீட்டில் இப்படிச் செய்கிறார்கள். அன்று அந்த வீட்டில் பாயசம் உண்டு.

கேள்வி: கிரீன் கார்டு மட்டும்தான் இருக்கிறது, வாக்குரிமை இல்லை. நான் செய்ய ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், எக்ஸ்டன்

பதில்: முதலில் ஓர் எச்சரிக்கை. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் இடத்திலோ கடைவாசலிலோ வாக்காளர் படிவத்தை யாராவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். குடியுரிமை இல்லாதவர் பதிவு செய்வது பெரிய குற்றம், நாடு கடத்தும் அளவுக்குப் போகும்.

ஆனால் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்கும் டவுன்ஷிப் கூட்டத்துக்கும் நீங்கள் போகலாம். அந்த ஊரில் குடியிருப்பவருக்கும் வரி கட்டுபவருக்கும் அங்கே பேச உரிமை உண்டு என்று இந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்கமாட்டார்கள், எந்தக் கட்சி என்றும் கேட்கமாட்டார்கள். பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள். சொல்ல வேண்டியதை எழுதி, வீட்டில் கடிகாரம் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரே விஷயத்தை மட்டும் பேசுங்கள். முதல் வரிசைக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியில், நடைவழி ஓரமாக உட்கார்ந்தால், பெயர் கூப்பிட்டதும் ஒலிவாங்கிக்கு எழுந்து போகச் சுலபம். பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு, நிமிர்ந்து நின்று தொடங்குங்கள்.